எண்டோமெட்ரியோசிஸ்: மாத்திரை எதற்கு, ஒத்தடம் எதற்கு?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "வயிற்றுவலி மாத்திரை" என்று தணிந்த குரலில் கேட்டு, அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த நான்கு மாத்திரைகளைப் பர்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு போகும் பெண்ணைப் பார்க்கலாம். எந்த வயிற்றுவலி என்று கடைக்காரர் கேட்பதில்லை. அந்தப் பெண் மாதம் தவறாமல் வருகிறார், முன்பெல்லாம் இரண்டு வாங்கியவர் இப்போது பத்து வாங்குகிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வளர்வது இப்படித்தான்.

மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் வலி பலருக்கும் உண்டு. ஒரு மாத்திரையிலோ வெந்நீர் ஒத்தடத்திலோ அது அடங்கிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. மாத்திரை போட்டும் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, நடவு வயலில் குனிய முடியவில்லை, விலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிறது, தாம்பத்தியத்தின்போது அடிவயிற்றின் ஆழத்தில் வலிக்கிறது, விலக்கு முடிந்தும் இடுப்பு விட்டுப்போகிறது என்றால் கதை வேறு. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. "எனக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அம்மா சொல்கிறாரா? அம்மாவுக்கும் இதே நோய் இருந்திருக்கலாம். நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல்.

உள்ளே நடப்பது என்ன?

கருப்பையின் உட்புறத்தில் மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியேறும் ஒரு சவ்வு இருக்கிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே சினைப்பையில், கருக்குழாயில், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல் திட்டுத்திட்டாக ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது அதுவும் தடிக்கிறது, கசிகிறது. கசிந்தது வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகி, நாளடைவில் தழும்பாகி, குடலும் கருப்பையும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கரும்பழுப்பாகக் குழைந்து நின்றால் அதற்குப் பெயர் சாக்லேட் கட்டி. ஸ்கேன் அறிக்கையோடு வெளியே வரும் பலர் முதன்முதலாகக் கேள்விப்படும் பெயர் அதுதான்.

ஏன் வருகிறது? விலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய்த் தங்கிவிடுகிறது என்று ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் சொன்னார். இன்றும் அதிகம் பேசப்படும் விளக்கம் அது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு இரத்தம் இப்படிப் பின்னோக்கிப் போகிறது. நோய் சிலருக்குத்தான் வருகிறது. மரபணுவுக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. சிறுவயதில் புளியங்காய் தின்றதாலோ, விலக்கு நாளில் தலைக்குக் குளித்ததாலோ இது வருவதில்லை.

சிகிச்சையைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்குக் கோரையைவிட நல்ல உதாரணம் கிடையாது. மேலே எவ்வளவு பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். ஈரம் கண்டால் மறுபடி தலைநீட்டும். இந்த நோய்க்கு ஈஸ்ட்ரோஜன்தான் ஈரம். ஹார்மோன் மருந்துகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் மடையை அடைக்கின்றன. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பி வரக்கூடும். "ஆறு மாதம் சாப்பிட்டேன், நிறுத்தியதும் வந்துவிட்டது, மருந்து சரியில்லை" என்று சொல்பவர்கள் மருந்தின் மேல் பழிபோடுகிறார்கள். அந்த மருந்து அவ்வளவுதான் செய்யும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் குறை.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல். சாக்லேட் கட்டி ஸ்கேனில் தெரியும். சிறு திட்டுகளும் ஒட்டுகளும் பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கூடுதலாகத் தெரியும் என்றாலும், கல்யாணமாகாத பெண்களுக்கு நம் பக்கத்தில் வயிற்றின் மேலிருந்து மட்டுமே எடுக்கிறார்கள். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற இரண்டு சொற்களால் வலி பொய்யாகிவிடாது. முன்பு வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கம், கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையை இந்த நோயைக் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. அதற்குப் பணம் கட்டும் முன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று: நோய் எத்தனையாவது நிலை என்பதற்கும் வலியின் அளவுக்கும் பெரும்பாலும் பொருத்தம் இருக்காது. சின்னத் திட்டு ஒருத்தியைப் படுக்கவைக்கும். பெரிய கட்டியோடு இன்னொருத்தி எதுவும் தெரியாமல் நடமாடுவாள்.

வலி மாத்திரை

விலக்கு நேரத்தில் கருப்பையும் இந்தத் திட்டுகளும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளியிடுகின்றன. தசையை இறுக்கி வலியைத் தருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மெஃபெனாமிக் அமிலம், இபுபுரூஃபென், நாப்ராக்ஸன் போன்றவை அந்தப் பொருள் உற்பத்தியாவதையே தடுக்கின்றன. ஆகவே வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, தாங்க முடியாமல் போட்டுக்கொள்வதில் பயன் குறைவு. வலி தொடங்குவது தெரிந்தவுடன், சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், சாப்பிடவில்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டேன் என்றால் இரைப்பை பதில் சொல்லும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு முயல்பவர்களும் சொல்ல வேண்டும்; இவ்வகை மாத்திரைகள் கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

கடைகளில் அதிகம் போவது மெஃபெனாமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரை. மெஃபெனாமிக் அமிலம் அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. பயந்து தூக்கியெறிய வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் உடம்பெங்கும் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். என் கவலை வேறு: மாதத்தில் பத்து நாள் இந்த மாத்திரையில் ஓடுகிறது என்றால் வலி மாத்திரையின் எல்லை முடிந்துவிட்டது.

ஹார்மோன் மருந்துகள்

இங்கேதான் வீடுகளில் வாக்குவாதம் தொடங்கும். "கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று அப்பாவோ அத்தையோ கேட்பார்கள். ஒன்றை நினைவூட்டுகிறேன். தேர்த் திருவிழாவுக்கும், திருமணத்துக்கும், திருநள்ளாற்றுப் பயணத்துக்கும் விலக்கைத் தள்ளிப்போட மருந்துச் சீட்டே இல்லாமல் வாங்கிவரும் மாத்திரை பெரும்பாலும் நாரெதிஸ்டெரோன். அதுவும் ஹார்மோன்தான். எண்டோமெட்ரியோசிஸுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றும் அதே நாரெதிஸ்டெரோன்தான். சாமிக்கு என்றால் பையில் போட்டுக்கொள்கிற மாத்திரை, பெண்ணின் வலிக்கு என்றால் பயமாகிவிடுகிறது!

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற வகை ஹார்மோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் தொடர்ந்து கொடுத்து விலக்கையே நிறுத்திவைப்பது ஒரு முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் இந்த வகையைச் சேர்ந்தது. கண்முன் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. அக்காவின் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மருந்தும் இல்லை.

இப்போது அதிகம் எழுதித் தரப்படுவது டைனோஜெஸ்ட். தினமும் 2 மில்லிகிராம், ஒரு நாளும் விடாமல். இது புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மருந்து. வலியை நன்றாகக் குறைக்கிறது. சாக்லேட் கட்டி சற்றுச் சுருங்கலாம், கரைந்து போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தலைவலி, மனச்சோர்வு, எடை மாற்றம் சிலருக்கு வரும். நீண்ட காலம் சாப்பிட்டால் எலும்பின் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும். ஆனால் பாதியிலேயே நிறுத்துபவர்கள் பலர் இவற்றுக்காக நிறுத்துவதில்லை. முதல் சில மாதங்கள் நாள் கணக்கில்லாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் படும். வீட்டில் தீட்டு பார்ப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. விளக்கேற்றலாமா, சமையலறைக்குள் வரலாமா என்று தினமும் விசாரணை நடக்கும். மூன்றாவது வாரமே மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். முதல் நாளே மருத்துவர் மாமியாரையும் உட்காரவைத்து, "இது விலக்கு அல்ல, மருந்து உடம்புக்குப் பழகும்வரை படும் கசிவு" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாத்திரை விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாதக் கணக்கில் வாங்க வேண்டியது என்பதால் விலை குறைந்த வகை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதைக் கருத்தடை மருந்தாக நம்பியிருக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

கருப்பைக்குள் பொருத்தும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனமும் உண்டு. 52 மில்லிகிராம் மருந்து அதிலிருந்து ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். பிரசவம் முடிந்ததும் போட்டுவிடும் காப்பர்-டி வேறு, இது வேறு. காப்பர்-டி சிலருக்கு வலியையும் இரத்தப்போக்கையும் கூட்டும். இது இரண்டையும் குறைக்கும்.

இவற்றில் அடங்காதவர்களுக்கு லியூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள். சினைப்பையையே தற்காலிகமாக உறங்கவைப்பதால் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் மாதவிலக்கு நின்ற பருவத்தின் தொல்லைகள் வரும்: திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, தூக்கமின்மை, எலும்பு தேய்வது. அதனால் பொதுவாக ஆறு மாத அளவில் நிறுத்துகிறார்கள், அல்லது எலும்பைக் காக்கச் சிறிதளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாய்வழியாகச் சாப்பிடும் எலகோலிக்ஸ் 2018-இலும், ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரை 2022-இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றன. டனாசால் பழைய மருந்து; குரல் கரகரத்து முகத்தில் முடி வளரும் என்பதால் இப்போது அரிதாகவே எழுதுகிறார்கள்.

விசேஷம் உண்டா?

கல்யாணமான மூன்றாம் மாதமே தெருவில் கேட்கத் தொடங்கும் இந்தக் கேள்விதான் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. டைனோஜெஸ்ட் போன்றவற்றைக் கருத்தடையாக நம்பியிருக்கக் கூடாது என்றாலும், மேலே சொன்ன ஹார்மோன் மருந்துகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும் காலத்தில் கருத்தரிப்பதையும் பெரும்பாலும் தடுத்துவைப்பவை. "ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு முயன்றால் சீக்கிரம் தங்கும்" என்பதற்கு ஆதாரம் இல்லை. ஐரோப்பிய வழிகாட்டி அதற்காக இம்மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ஆகவே மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது வலியின் அளவைக்கூட அல்ல. இப்போது குழந்தை வேண்டுமா, பிறகா, வேண்டாமா என்பதை. அதைப் பெண்ணே சொல்ல வேண்டும். கூட வந்த அத்தை சொல்லி மருந்துச் சீட்டு எழுதப்பட்டால், வீட்டுக்கு வந்து அழுவது பெண்தான். நோய் இருந்தும் இயல்பாகக் கருத்தரிப்பவர்கள் ஏராளம். தாமதமானால் வயது, சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் இருப்பு, கருக்குழாயின் நிலை ஆகியவற்றைப் பார்த்து லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையோ சோதனைக்குழாய் முறையோ முடிவாகும்.

சாக்லேட் கட்டி என்றவுடன் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்க வேண்டியதில்லை. கட்டியை உரித்தெடுக்கும்போது அதோடு நல்ல சினைமுட்டைகளும் கொஞ்சம் போய்விடும். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், முன்பே ஒருமுறை அறுவை செய்திருந்தால், இழப்பு இன்னும் கூடும். அறுவைக்கு முன் ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பைத் தெரிந்துகொள்ளலாம். அறுவைக்குப் பின்னும் நோய் திரும்புவது சாதாரணம் என்பதால், உடனே குழந்தைக்கு முயலாதவர்களுக்கு ஹார்மோன் மருந்தைத் தொடர்வார்கள்.

"இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, கருப்பையை எடுத்துவிடலாம்" என்ற பேச்சு நம் ஊரில் மிக எளிதாக வருகிறது. திட்டுகள் இருப்பது கருப்பைக்கு வெளியே! அவற்றை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தால் வலி அப்படியே தங்கலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் அன்றே மாதவிலக்கு முற்றும் நின்று, எலும்புக்கும் இதயத்துக்கும் ஆபத்து முன்கூட்டியே வந்துசேரும். சிலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கும். இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவாக மட்டும் இருக்காது.

ஒத்தடம், கஷாயம், சூரணம்

மாற்றுச் சிகிச்சைகளில் நான் தயங்காமல் சொல்வது சூடு. அடிவயிற்றில் மிதமான சூட்டைத் தொடர்ந்து வைத்தால் விலக்கு வலி இபுபுரூஃபென் அளவுக்குக் குறைவதாக ஆய்வு உண்டு. வெந்நீர்ப் பை, வறுத்த உப்பைத் துணியில் கட்டிய ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் எல்லாம் ஒன்றுதான். வேலை செய்வது சூடு. கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் அப்படி வைத்தவர்களின் அடிவயிற்றில் மீன்வலை விரித்ததுபோல் பழுப்புத் தடம் விழுந்திருக்கும்; தோல் மெதுவாக வெந்த அடையாளம் அது.

சுக்குக்கும் சிறிய ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன. அவை சாதாரண விலக்கு வலியில் செய்யப்பட்டவை. எண்டோமெட்ரியோசிஸ் திட்டை அது ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. தை அறுவடைக்குப் பின் வயலில் விளைந்த உளுந்தில் களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுத் தரும் பாட்டியின் கை மருத்துவத்தையும் இதே கணக்கில் வையுங்கள். நல்ல உணவு, மறுக்காமல் சாப்பிடலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. போக்கு அதிகம் இருப்பவர்கள் ஹீமோகுளோபினைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். களி மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. யோகா, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பு தரும் டென்ஸ் கருவி, அக்குபங்சர் ஆகியவற்றால் சிலருக்கு வலி குறைகிறது. ஆய்வுகள் சிறியவை, தீங்கு குறைவு. கையில் காசும் நேரமும் இருந்தால் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

நாட்டுமருந்துக் கடைக்குப் போனால் கொஞ்சம் விழிப்பு வேண்டும். அசோகப்பட்டை கேட்டால் நெட்டிலிங்கப் பட்டை கைக்கு வருவது பரவலான கலப்படம். பள்ளிக்கூட மதில் ஓரம் நெடுநெடுவென்று நிற்கும் மரத்தை அசோக மரம் என்றே நாம் பழகியிருக்கிறோம்; மருந்துக்குரிய அசோகம் கொத்துக்கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் வேறு மரம். குழந்தை வேண்டி விலக்கு நாட்களில் மலைவேம்புச் சாறு குடிப்பவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் அழைக்கப்படுகின்றன. அதில் ஒன்றின் காய் நஞ்சு. தழையை யார் பறித்தார், எந்த மரத்தில் பறித்தார் என்று தெரியாமல் அரைத்துக் குடிக்கும் துணிச்சல் எனக்கு வராது. பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த மருந்துகளைச் சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பதிவுபெற்றவரிடம் தவிர வேறு யாரிடமும் வாங்காதீர்கள். கருத்தரிக்க முயலும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவுகள் உள்ளன. அங்கே போகும்போது ஸ்கேன் அறிக்கையையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில மருந்துகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். இந்த மருத்துவரிடம் அதையும், அந்த மருத்துவரிடம் இதையும் மறைப்பதுதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தான வழக்கம்.

"அறுவை இல்லாமல் 48 நாளில் கட்டி கரையும்" என்ற சுவரொட்டியைப் பேருந்து நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். கருப்பை நோய்களையும், விலக்குக் கோளாறுகளையும், பெண்ணின் குழந்தையின்மையையும் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரமே சட்டமீறல் என்றால் உள்ளே இருக்கும் சூரணத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே போவது?

தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையிலும், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுவிடுங்கள். போகும் முன் இரண்டு மூன்று விலக்குகளுக்கு நாட்காட்டித் தாளிலேயே குறித்து வையுங்கள்: வலி எந்த நாள் தொடங்கியது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், மலம், சிறுநீர் கழிக்கும்போது வலித்ததா, எந்த வேலையை விட வேண்டியிருந்தது. கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் நான்கு நிமிடத்தில் "வயிற்றுவலி" என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

வழக்கமான வலி போலன்றி, அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று வெட்டியதுபோல் வலித்து வாந்தி, மயக்கம், காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நாள் தள்ளிப்போயிருந்தால் கருக்குழாயில் கரு தங்கியதாகவும் இருக்கலாம். வலி மாத்திரை, கஷாயம் எதுவும் கொடுக்காமல், நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.